கோரையா புல்லா? தண்டைத் தொடாமல் சொல்லாதீர்கள்

ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்று 2018இல் அங்கீகாரம் வாங்கிய ஊர் நம் கொழும்பு. ஆனால் பெத்தகான ஈரநிலப் பூங்கா பக்கம் போனால் கொக்கையும் நீர்க்காகத்தையும்தான் படம் எடுக்கிறோம், அவை நிற்கிற பச்சையெல்லாம் நமக்கு வெறும் "புல்". முதல் தவறே இதுதான். புல்லின் தண்டில் கணு இருக்கும், இலைகள் இரண்டு வரிசையில் வரும். கோரையில் தண்டு கணுவில்லாமல் நேராக ஓடும், இலைகள் மூன்று வரிசை, இலையுறை தண்டைக் குழாய் மாதிரி மூடியிருக்கும்.

இதைப் படித்த உடனே செய்கிற தவறுதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதை நானே செய்தேன். "கோரை என்றால் முக்கோணத் தண்டு" என்று மனப்பாடம் செய்துகொண்டு போய், தண்ணீரில் ஊசி ஊசியாக நின்ற ஒன்றை விரலால் உருட்டிப் பார்த்து, உருண்டையாக இருக்கிறதே, இலையும் இல்லையே, கோரை இல்லை என்று தள்ளிவிட்டேன். கூட வந்த அண்ணா பேசாமல் ஒரு தண்டை இரண்டு விரலுக்கிடையில் வைத்து மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே போனார். பட் பட் பட் என்று சத்தம். உள்ளே வெற்றுக் குழாய், ஆனால் சின்னச் சின்ன இடைவெளியில் குறுக்குச் சுவர்கள். அதுதான் எலியோகாரிஸ் டல்சிஸ், அசல் கோரைக் குடும்பம். இலை இருக்கிறது, அடியில் மெல்லிய உறையாகச் சுருங்கிப்போய். வெயிலில் உணவு தயாரிக்கிற சமையல் வேலை முழுவதையும் பச்சைத் தண்டே பார்க்கிறது. அந்தக் குழாய் வழியாகத்தான் காற்றே இல்லாத சேற்றுக்குள் வேருக்குக் காற்று போகிறது. பூவும் தண்டின் உச்சியில் ஒரே ஒரு கதிர், தண்டை விடப் பெரிதாகத் தடித்திருக்காது, அதனால் பலர் பூக்கவில்லை என்றே நினைத்துவிடுவார்கள். என்னைப் போல ஏமாந்தவர்களுக்கு ஓர் ஆறுதல்: 1768இல் இதற்கு முதலில் பெயர் வைத்த தாவரவியலாளர் பர்மனும் இதைப் புல் சாதியில்தான் சேர்த்தார்.

சம்பங்கோரை என்ற பெயரை நம்பாதீர்கள். வாய்க்கால் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் தடித்த கதிரோடு நிற்குமே, அது டைஃபா, குடும்பமே வேறு.

பிறகு கிழங்கு. சைனீஸ் சாப்பாட்டில் மொறுமொறுவென்று வரும் வாட்டர் செஸ்ட்நட் நான் ஏமாந்த அந்த எலியோகாரிஸ் டல்சிஸின் கிழங்குதான், டல்சிஸ் என்றாலே லத்தீனில் இனிப்பு. கொம்பு வைத்த காயோடு தண்ணீரில் மிதக்கிற சிங்காராவுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர், அது வேறு செடி. நாட்டு மருந்துக் கடைக் கோரைக்கிழங்கு இன்னொரு கோரையுடையது. சரி, நம் சதுப்பில் தோண்டிச் சாப்பிடலாமா? வேண்டாம். காட்டுச் செடியில் கிழங்கு சின்னது, பயிரிடுவதற்கென்று தேர்ந்தெடுத்த வகையில்தான் பெரிதாக வரும். அதோடு நகரத்துக் கழிவு வந்து சேருகிற சேற்றுக் கிழங்கை யார் சாப்பிடுவது? பூங்காவுக்குள் பிடுங்குவதே தப்பு, அது வேறு விஷயம்.

படம் எடுத்து யாரிடமாவது பெயர் கேட்பதானால் நுனியை மட்டும் எடுக்காதீர்கள். கதிர், தண்டு, தண்ணீரைத் தொடும் அடிப்பகுதி மூன்றும் வேண்டும். கோரைகளில் பாதிக் குழப்பம் அந்த அடியில் தீர்ந்துவிடும்.

வெயில் காலத்தில் போய்ப் பார்த்துவிட்டு, தண்டெல்லாம் காய்ந்து சாய்ந்திருப்பதால் செடி செத்துவிட்டது என்றும் எழுதிவிடாதீர்கள். கிழங்கு சேற்றுக்குள் சும்மா இருக்கும். மழை பெய்து தண்ணீர் ஏறிய பிறகு அதே இடத்துக்கு இன்னொரு தடவை போங்கள்.