பதின்ம வயதுப் பிள்ளைகளோடு சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸ்: முதல் பயணத்துக்கான திட்டம்

சின்னக் குழந்தைகளைத் தீம் பார்க்குக்குக் கூட்டிப்போவது ஒரு விதத்தில் சுலபம். கையைப் பிடித்தால் வந்துவிடுவார்கள், தூக்கம் வந்தால் தோளில் போட்டுக்கொள்ளலாம். பதின்மூன்று வயதுக்கு மேல் கதை வேறு. காலையில் எழுப்பவே முடியாது. அப்பா அம்மாவோடு நாள் முழுக்க ஒட்டிக்கொண்டு நடக்கவும் பிடிக்காது. இந்த இரண்டையும் கணக்கில் எடுக்காமல் போடும் திட்டம் மதியம் ஒரு மணிக்குள் முகம் தூக்கலில் முடியும். தமிழ்நாட்டிலிருந்து முதன்முறையாக வெளிநாட்டுத் தீம் பார்க் போகும் குடும்பங்களில் பலர் செந்தோசா தீவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டுடியோஸுக்குத்தான் போகிறார்கள். எனவே அதையே எடுத்துக்கொள்வோம்.

எந்த மாதம், எந்தக் கிழமை

இரண்டு நாட்டுப் பள்ளி நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் பிள்ளைகளுக்கு ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை விடுமுறை. சிங்கப்பூர்ப் பள்ளிகளின் அரையாண்டு விடுமுறை மே கடைசி வாக்கில் தொடங்கி ஜூன் முழுக்க நீளும். ஆக, மே முதல் மூன்று வாரங்களில் நாம் வீட்டிலிருக்க, அந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். அதில் செவ்வாய், புதன், வியாழன் என்று ஒரு நாளைப் பிடியுங்கள். மே தினமும், பெரும்பாலும் மே மாதத்தில் வரும் விசாக தினமும் அங்கே பொது விடுமுறை, அவற்றைத் தவிருங்கள். வீட்டில் நீட் எழுதும் பிள்ளை இருந்தால் அந்தத் தேர்வு வழக்கமாக மே முதல் வாரத்தில் வருவதால், இரண்டாவது அல்லது மூன்றாவது வாரம்தான் வழி.

காலாண்டு விடுமுறையில் போகிறவர்களுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை குறிப்பிட்ட சில இரவுகளில் ஹாலோவீன் திகில் நிகழ்ச்சி நடக்கும். அதற்குத் தனி டிக்கெட். அந்த நாட்களில் பகல் டிக்கெட்டுக்காரர்களை வழக்கத்தைவிட முன்னதாகவே வெளியே அனுப்பிவிடுவார்கள். அதே விலை கொடுத்து நேரத்தை இழப்பதில் அர்த்தமில்லை. பூங்காவின் இணையதளத்தில் அந்தத் தேதியின் திறப்பு நேரத்தையும், பராமரிப்புக்காக மூடியிருக்கும் ரைடுகளின் பட்டியலையும் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். மகன் ஆறு மாதமாக யூடியூபில் பார்த்துக்கொண்டிருந்த ரோலர் கோஸ்டர் அன்றைக்கு மூடியிருந்தால் என்ன சமாதானம் சொல்ல முடியும்?

நம் பள்ளிகளின் அரையாண்டு விடுமுறையான டிசம்பர் கடைசி வாரம் கூட்டமும் மழையும் சேர்ந்தது. வேறு வழியே இல்லை என்றால் மட்டும்.

காகித வேலை

பாஸ்போர்ட்டை முதலில் திறந்து பாருங்கள். உங்களுடையதை அல்ல, பிள்ளைகளுடையதை. பெரியவர்களுக்குப் பத்து ஆண்டு செல்லும் பாஸ்போர்ட், சிறுவர்களுக்குப் பொதுவாக ஐந்து ஆண்டுதான். எட்டு வயதில் எடுத்தது பதின்மூன்றில் காலாவதியாகியிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். சிங்கப்பூருக்குள் நுழையும் நாளில் குறைந்தது ஆறு மாதச் செல்லுபடி மிச்சம் இருக்க வேண்டும்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். அங்கீகரிக்கப்பட்ட முகவர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கட்டணம் ஆளுக்கு 30 வெள்ளி (சிங்கப்பூர்த் தமிழில் டாலர் வெள்ளிதான்). முகவர் கூலி தனி. மறுத்தாலும் கட்டணம் திரும்பாது. பயணத்துக்கு மூன்று, நான்கு வாரம் முன்பு கொடுத்தால் பதற்றமில்லை. புகைப்படம் அண்மையில் எடுத்ததாக, வெள்ளைப் பின்னணியோடு இருக்கட்டும். பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த பழைய படத்தைக் கொடுத்துவிட்டு, இப்போது மீசை முளைத்த முகத்தோடு நிற்க வேண்டாம்.

இறங்கும் நாளையும் சேர்த்துக் கடைசி மூன்று நாட்களுக்குள் எஸ்.ஜி. வருகை அட்டை (SG Arrival Card) என்ற நுழைவுப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். இது முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் பக்கம் எதுவானாலும் அது குடிநுழைவுத் துறையுடையது அல்ல, மூடிவிடுங்கள்.

பையைப் பிள்ளைகளே கட்டினாலும் ஒரு முறை பாருங்கள். சூயிங் கம் கொண்டுபோகக் கூடாது. மின்சிகரெட் வைத்திருப்பதே அங்கே குற்றம். கோடீன் கலந்த இருமல் மருந்தும் தூக்க மாத்திரையும் முன்அனுமதி இல்லாமல் எடுத்துப்போகக் கூடாதவை.

இரண்டரை மணி நேர வித்தியாசம்

பலர் தடுக்கி விழும் இடம் இது. சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். பூங்கா பெரும்பாலும் பத்து மணிக்குத் திறக்கும். அதற்கு ஒன்பதே காலுக்கு வாசலில் நிற்க வேண்டுமானால் ஏழு மணிக்கு எழ வேண்டும். பிள்ளையின் உடம்புக்கு அது விடிகாலை நாலரை. விடுமுறையில் பத்து மணிவரை தூங்கிப் பழகிய உடம்பு அது.

எனவே வந்திறங்கும் நாளில் பூங்காவே வேண்டாம். இரவு விமானத்தில் தூங்காமல் வந்து, ஓட்டல் அறை மதியத்துக்கு மேல்தான் கிடைக்கும் என்று பெட்டியை வரவேற்பறையில் போட்டுவிட்டு நேராகப் பூங்காவுக்குப் போகிறவர்கள் உண்டு. மாலை நான்கு மணிக்கு அவர்களை நிழலான பெஞ்சுகளில் பார்க்கலாம். மூன்றாவது நாள் சரியாக இருக்கும். அதற்கு முந்தைய இரவில் நைட் சஃபாரி என்ற இரவு விலங்குக்காட்சியை வைக்காதீர்கள். அது நகரத்துக்கு வடக்கே மண்டாயில், நள்ளிரவு வரை நடப்பது. திரும்பி வந்து படுக்க ஒரு மணிக்கு மேல் ஆகிவிடும். பூங்காவுக்கு மறுநாள் காலைக்கு எந்த முன்பதிவும் வேண்டாம்.

டிக்கெட்

இங்கே 4 முதல் 12 வயது வரைதான் சிறுவர் கட்டணம். பதின்மூன்று நிறைந்தால் முழுக் கட்டணம். "பள்ளிக்கூடப் பிள்ளைதானே" என்று அரைக் கட்டணம் போட்டுக் கணக்குப் பார்த்திருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். டிக்கெட் குறிப்பிட்ட தேதிக்கானது, நாளைப் பொறுத்து விலையும் மாறும்.

வரிசையைத் தாண்டிப் போக எக்ஸ்பிரஸ் என்று தனிச் சீட்டு விற்கிறார்கள். சாதாரண எக்ஸ்பிரஸில் அதில் சேர்ந்த ஒவ்வொரு ரைடுக்கும் ஒரு முறைதான், அன்லிமிடெட் என்றால் எத்தனை முறையும். கூட்டமான நாட்களில் இதன் விலை நுழைவுச் சீட்டை எட்டிப்பிடிக்கும். மே மாதத்து புதன்கிழமைக்கு இது அநேகமாகத் தண்டம். டிசம்பரிலோ ஜூன் சனிக்கிழமையிலோ போகிறீர்கள் என்றால் வாங்கலாம், ஆனால் எல்லோருக்கும் அல்ல. பெரிய கோஸ்டர்களில் ஏறவே போகாத பாட்டிக்கு எதற்கு? பிள்ளைகளுக்கு மட்டும் போதும்.

இன்னொரு வழி பணமே கேட்காது. சில பெரிய ரைடுகளில் தனியாள் வரிசை ஒன்று திறந்திருக்கும். குடும்பங்கள் உட்கார்ந்த பிறகு மிஞ்சும் ஒற்றை இருக்கையில் அந்த வரிசைக்காரர்களை ஏற்றுவார்கள். தனித்தனியாக உட்காரச் சம்மதித்தால் காத்திருப்பு வெகுவாகக் குறையும். எட்டு வயதுக் குழந்தையோடு இது முடியாது, பதினைந்து வயதுக்கு இதுதான் மிகப் பெரிய வசதி.

உடுப்பும் பையும்

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. பின்வார் உள்ள செருப்போ ஷூவோ போடுங்கள், வெறும் ஹவாய் செருப்பு ரைடில் கழன்று விழும். சுடிதார் போடும் பெண்கள் துப்பட்டாவை ஓட்டலிலேயே விட்டுவிடலாம், எப்படியும் கழற்றச் சொல்வார்கள். கண்ணாடி அணியும் பிள்ளைக்குத் தலைக்குப் பின்னால் மாட்டும் பட்டை ஒன்றை ஊரிலேயே வாங்குங்கள். இல்லாவிட்டால் முக்கியமான கோஸ்டரில் பாதி மங்கலாகத்தான் பார்த்துவிட்டு வருவான். மழைக்கோட்டும் ஊரில் வாங்கியதே போதும். தண்ணீர் பாட்டிலும் பவர் பேங்கும் கட்டாயம்.

பிள்ளைகள் ஒவ்வொருவரின் போனிலும் இணையம் தனியாக இருக்க வேண்டும். அப்பாவின் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் என்பது, பிள்ளைகள் ஐம்பது அடி நடந்தவுடன் முடிந்துபோகும் ஏற்பாடு.

அன்றைய நாள்

லிட்டில் இந்தியா பக்கம் தங்கினால் இரண்டு லாபம். ஒன்று, செராங்கூன் சாலையில் காலையில் இட்லி, தோசை. பூங்காவுக்குள் சைவச் சாப்பாட்டுக்குத் தெரிவு குறைவு, விலையும் அதிகம், எனவே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள். கோமள விலாஸ் போன்ற பழைய சைவக் கடைகள் அங்கேதான் இருக்கின்றன. மற்றொன்று, லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து வடகிழக்குப் பாதை ரயில் மாறாமல் கடைசி நிலையமான ஹார்பர்ஃபிரண்ட் வரை போகும். அங்கே விவோசிட்டி கடைத்தொகுதியின் மூன்றாம் தளத்துக்கு ஏறினால் செந்தோசா எக்ஸ்பிரஸ். ஆளுக்கு 4 வெள்ளி, திரும்பி வரக் கட்டணமில்லை. முதல் நிறுத்தமான ரிசார்ட்ஸ் வேர்ல்டில் இறங்குங்கள். சுழலும் பெரிய பூகோள உருண்டை அங்கிருந்து சில நிமிட நடை. எல்லோரும் அங்கே படம் எடுக்க நிற்பார்கள். நீங்கள் நிற்காதீர்கள், மாலையிலும் அது அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஒரு ஏரியைச் சுற்றி வட்டமாக அமைந்த பூங்கா இது. உள்ளே நுழைந்ததும் கடைகளைத் தாண்டி வலப்பக்கம் திரும்பி, நியூயார்க் பகுதி வழியே சை-ஃபை சிட்டிக்கு நேராகப் போங்கள். பேட்டில்ஸ்டார் கலாக்டிகா அங்கேதான். அது இரண்டு தண்டவாளங்கள் போட்டிபோடும் கோஸ்டர். சிவப்பு 'ஹியூமன்' உட்கார்ந்து போவது, தலைகீழாகாது. நீலம் 'சைலான்' காலைத் தொங்கவிட்டுப் போவது, பல முறை தலைகீழாகும். குறைந்தபட்ச உயரம் 125 செ.மீ. சட்டைப் பையில் ஒரு நாணயம்கூட இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் லாக்கரில் வைக்க வேண்டும். லாக்கர் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டுமே இலவசம், அதைத் தாண்டினால் காசு. எனவே ஏற மாட்டேன் என்கிற ஒருவர் பைகளோடு வெளியே உட்கார்ந்தால் எல்லோருக்கும் நிம்மதி.

இதை முதலில் முடிக்கச் சொல்வதற்குக் கூட்டம் மட்டும் காரணமல்ல. சிங்கப்பூரில் பிற்பகல் இடிமழை சாதாரணம். மின்னல் அபாயம் என்றால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், எப்போது திரும்பத் தொடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. காலையில் வெளி ரைடுகள், பிற்பகலில் கூரைக்குள் இருப்பவை, இதுதான் அடிப்படை விதி. டிரான்ஸ்ஃபார்மர்ஸும், எகிப்துப் பகுதியின் இருட்டுக் கோஸ்டரான மம்மியும் (உயரம் 122 செ.மீ.) கூரைக்குள். மம்மி பின்னோக்கியும் ஓடும். டிரான்ஸ்ஃபார்மர்ஸில் உண்மையான பள்ளம் எதுவும் இல்லை, ஆனால் முப்பரிமாணத் திரைதான் பலருக்குக் குமட்டலைத் தரும். கோஸ்டரில் சிரித்துக்கொண்டு வந்த பிள்ளை இதில் வெளுத்துப்போய் இறங்கலாம். வாந்தி வரும் என்று தெரிந்தவர்களுக்குத் திரையை விட்டு ஓரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பயண மாத்திரைகள் சில தூக்கம் வரவழைக்கும். முதல் தடவை போட்டுப் பார்க்கிற நாள் அன்றாக இருக்க வேண்டாம்.

மதியச் சாப்பாட்டைப் பதினொன்றரைக்கே முடித்துவிடுங்கள். பன்னிரண்டரைக்கு உணவகத்து வரிசையே ஒரு ரைடு அளவு நீளும்.

ஜுராசிக் பார்க் படகில் நனைவது நிச்சயம், எவ்வளவு என்பது உங்கள் இருக்கையின் அதிர்ஷ்டம். வெயிலில் வைத்துக்கொண்டால், அடுத்து அரை மணி நேரம் வெளியிலேயே நடங்கள். நனைந்த உடையோடு ஷ்ரெக் திரையரங்கு ஏசியில் போய் உட்கார்ந்தால் பல் கிட்டிவிடும். கனோபி ஃபிளையர் என்ற தொங்கு ரைடில் ஒரு தடவைக்குச் சிலரைத்தான் ஏற்ற முடியும், அதனால் வரிசை சின்னதாகத் தெரிந்தாலும் நகராது. பெரியவர்களுக்குப் பிடித்துப்போவது இன்னொரு பக்கம் இருக்கும் மினியன் லேண்ட். 2025 பிப்ரவரியில் திறந்த புதிய பகுதி அது, பிள்ளைகளைவிட அம்மாக்கள்தான் அங்கே அதிகம் படம் எடுக்கிறார்கள்.

சேர்ந்தும் பிரிந்தும்

காலை ரைடுகள் முடிந்ததும் பிள்ளைகளை விட்டுவிடுங்கள். இதை அங்கே போய் முடிவு செய்யாமல் முந்தைய இரவே பேசி வைப்பது நல்லது. இருவர் சேர்ந்தே இருக்க வேண்டும். பூங்காவின் வாசலைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு ரைடு முடிந்ததும் குடும்ப வாட்ஸாப்பில் ஒரு சொல் போட வேண்டும். குறித்த நேரத்தில், போன் அணைந்துபோனாலும் கண்டுபிடிக்கக்கூடிய இடத்தில் கூட வேண்டும். நியூயார்க் பகுதியின் பெரிய நூலக முகப்பு இதற்குத் தோது. கையில் ஆளுக்கு 25 வெள்ளி கொடுத்து, இதற்குள் குளிர்பானம், தின்பண்டம், நினைவுப்பொருள் எல்லாம் உன் பாடு என்று சொல்லிவிட்டால் "அதை வாங்கித் தா" என்ற பேச்சே எழாது.

ஏற மாட்டேன் என்கிற பிள்ளையும் ஒன்று இருக்கும். தம்பி ஏறிவிட்டான், நீ ஏன் பயப்படுகிறாய் என்று ஆரம்பித்தால் அந்த நாள் அத்தோடு போயிற்று. படம் எடுக்கும் வேலையைக் கொடுங்கள், போதும்.

நினைவுப்பொருள் வாங்குவதை ஐந்து மணிக்குள் முடியுங்கள். மூடும் நேரத்தில் வாசலை ஒட்டிய கடைகளில் மொத்தக் கூட்டமும் வந்து அடையும். காலையில் தாண்டி வந்த உருண்டைக்கு முன்னால் இப்போது நின்று படம் எடுத்துக்கொள்ளலாம், விளக்கு போட்டிருப்பார்கள்.