புதினாத் தண்டைக் குப்பையில் போடாதீர்கள்
கடையில் வாங்கிய புதினாக் கட்டை ஆய்ந்ததும் பச்சையான நாலைந்து தண்டுகளை எடுத்து, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, நுனியில் மட்டும் நாலு இலை விட்டு, தண்ணீர் டம்ளரில் போட்டு சமையலறை ஜன்னலில் வையுங்கள். புதினாவுக்குக் கணுவிலிருந்துதான் வேர் சுலபமாக வரும். அதனால் ஒரு கணுவாவது தண்ணீருக்குள் இருக்க வேண்டும். இலை மூழ்கினால் அழுகி நாறும். இரண்டு நாளுக்கொருமுறை தண்ணீரை மாற்றினால் பெரும்பாலும் 10 நாளில் வேர் விட்டுவிடும், அப்புறம் தொட்டியில் நடலாம். அடியில் ஓட்டை போட்ட ஐஸ்கிரீம் டப்பாகூடப் போதும்.

துளசி, ஓமவல்லிக்கும் இது சரிவரும். கொத்தமல்லிக்கு வேண்டாம், அதற்கு விதைதான். ஃப்ரிட்ஜில் கிடந்து கறுத்த தண்டும் தேறாது. வெளிச்சம் வராத ஜன்னல் என்றால் வேர் விட்டாலும் செடி நோஞ்சானாகத்தான் நீளும்.