பிக்கப் வாங்குமுன் பாடியையும் கேபினையும் அளந்து பார்க்கும் முறை

இராமநாதபுரம் கரையோரத்தில் டபுள் கேபின் பிக்கப் (இரண்டு வரிசை இருக்கைகள் கொண்ட கேபினும், பின்னால் சரக்கு ஏற்றும் திறந்த தொட்டியான பாடியும் உள்ள வண்டி) வாங்க நினைப்பவர்கள் இசுசூ வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ், மஹிந்திரா பொலேரோ கேம்பர் ஆகியவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பது வழக்கம். எந்த வண்டி பெரியது என்று கேட்பதற்கு முன், நாம் ஏற்றப்போகும் சரக்கில் முதலில் தீர்ந்துபோவது எடை வரம்பா, இடமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒப்பீடு முழுவதும் அந்த விடையைப் பொறுத்தே அமையும்.

பாம்பனிலோ மண்டபத்திலோ மீனும் ஐஸும் ஏற்றுபவருக்கு எடைதான் முதலில் தீரும். வி-கிராஸ், ஹைலக்ஸ் போன்ற வண்டிகளின் பாடி சுமார் ஒன்றரை மீட்டர் நீளமும் அதே அளவு அகலமும் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரமும் கொண்டது. அதாவது ஏறத்தாழ ஒரு கன மீட்டர். அவ்வளவு இடத்தில் தண்ணீர் நின்றால் 1,000 கிலோ. மீனும் உடைத்த ஐஸும் இடைவெளியோடு அமர்வதால் அதைவிடக் குறையும் என்றாலும், விளிம்புவரை நிரப்பினால் அரை டன்னைத் தாண்டிவிடும். எனவே ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) உள்ள, சுமையோடு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்து, கிடைக்கும் எண்ணிலிருந்து ஓட்டுநரையும் உடன் வருபவர்களையும் கழியுங்கள். ஆளுக்கு 65 கிலோ என்று கொண்டால் ஐந்து பேருக்கே 325 கிலோ போய்விடும். மிச்சமிருப்பதுதான் மீனுக்கு உரியது. சொகுசு கூடிய மாடல்களில் வண்டியின் சொந்த எடையும் கூடுவதால், ஒரே வண்டியின் இரு மாடல்களுக்கிடையிலும் இக்கணக்கு மாறக்கூடும். ஏறத்தாழ ஒரு டன் சுமைக்கென்றே வந்த கேம்பர், கேபின் எளிமையாக இருந்தாலும், இந்த வேலையில் மற்ற இரண்டையும் முந்திவிடுகிறது.

கருவாடு, முண்டு மிளகாய், வலை ஆகியவற்றை ஏற்றுபவரின் கணக்கு நேர்மாறானது. மிளகாய் மூட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கினாலும் எடை வரம்பு எட்டாமல் போகலாம். ஆனால் பாம்பன் பாலத்தில் பக்கவாட்டில் அடிக்கும் காற்றுக்கு அந்த உயரம் ஆகாது. இவர்கள் டேப்பை எடுத்துச் சென்று, பாடிக்குள் சக்கரங்களுக்கு மேலே புடைத்திருக்கும் சக்கர மேடுகள் இரண்டுக்கும் நடுவிலுள்ள அகலத்தை அளக்க வேண்டும். விளம்பரத் தாளில் இருப்பது பெரும்பாலும் சுவருக்குச் சுவர் அகலம். பெட்டிகள் தரையில் சமமாக உட்காருமா என்பதை மேடுகளுக்கு நடுவிலுள்ள அகலமே முடிவு செய்யும். வழக்கமாகப் பயன்படுத்தும் மீன் பெட்டி ஒன்றையே ஷோரூமுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பின்கதவைத் திறந்த நிலையில் அது தரையிலிருந்து எவ்வளவு உயரம், அதன்மேல் எவ்வளவு பாரம் வைக்கலாம், கயிறு கட்டும் கொக்கிகள் எத்தனை, அவை எங்கே உள்ளன என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பாடிக்குள் பொருத்தும் பிளாஸ்டிக் லைனர் கீறல்களைத் தடுக்கும். ஆனால் ஐஸ் உருகிய உப்புநீர் அதனடியில் புகுந்து தேங்கினால் தகடு கண்ணுக்குத் தெரியாமலே அரிக்கும். தகட்டோடு ஒட்டும்படி ஸ்பிரே செய்யும் பூச்சில் இந்த இடைவெளி இராது. வடிதுளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதில் வெட்கமில்லை.

கேபினில் முன் இருக்கைக்கு அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. வேறுபாடு பின் இருக்கையில்தான் தெரியும். பாடிக்கு இடம் விடுவதற்காகக் கேபினின் பின்சுவர் முன்னே வந்துவிடுவதால், பிக்கப்பின் பின் இருக்கைச் சாய்மானம் காரில் இருப்பதைவிட நிமிர்ந்தே இருக்கும். தொண்டியிலிருந்து மதுரை மருத்துவமனைக்கு முதியவரை அழைத்துப் போகும் குடும்பம், அந்த முதியவரையே அதில் கால் மணி நேரம் உட்காரவைத்துக் கேட்பது நல்லது. அடியிருக்கை மேலே மடிகிறதா என்றும் பாருங்கள். மழையில் நனையக் கூடாத மூட்டைக்கு அது இரண்டாவது பாடியாகும். தரையில் கார்ப்பெட் இருந்தால் கடற்கரை மணலும் மீன் வாடையும் அதில் தங்கிவிடும். துடைத்துவிடக்கூடிய ரப்பர் விரிப்பே ஏற்றது.

இவற்றுக்கெல்லாம் முன்பே பதிவு வகையைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வி-கிராஸும் ஹைலக்ஸும் பொதுவாகச் சொந்த உபயோகத்துக்கான வெள்ளை எண் பலகையில் பதிவாகின்றன; பிறர் சரக்கை வாடகைக்கு ஏற்றுவதே நோக்கம் என்றால் மஞ்சள் பலகையில் பதிவாகும் வண்டிகளை மட்டுமே பட்டியலில் வைத்துக்கொண்டு டேப்பை எடுக்க வேண்டும்.