ஏரி மீன் கணக்கெடுப்பு: கடைசி நாளில் செய்யக்கூடாத தவறுகள்

காவேரிப்பாக்கம் ஏரி போன்ற பரந்த நீரில் மீன் கணக்கெடுப்பவர்கள் அதிகம் சறுக்குவது முடிக்கும் நாளில்தான். உடம்பு களைத்திருக்கும். மனசு வேலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கும்.

வெறும் வலையை எழுதாமல் விடுவதுதான் ஆகப் பெரிய தவறு. "ஒண்ணும் விழலியேப்பா, இத எதுக்கு எழுதற?" என்று பரிசலில் கூட வந்த பெரியவர் கேட்டதும் நானே ஒருமுறை நோட்டை மூடிவிட்டேன். 12 முறை வலை விட்டு, 8 முறை மட்டும் மீன் விழுந்து, மொத்தம் 40 கிலோ என்று வையுங்கள். சராசரி வலைக்கு 3.3 கிலோ. வெறும் வலைகளை விட்டுவிட்டால் அதுவே 5 கிலோ ஆகிவிடும். அந்த எண்ணை நம்பி மீன்பாசி குத்தகையை, அதாவது ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்கான தொகையை, உயர்த்தினால் நஷ்டம் வலைக்காரர் தலையில் விழும். அதனால் பூஜ்யத்தையும் நேரத்தோடு எழுதுங்கள். கிழிந்த வலையில் மீன் இல்லாதது பூஜ்யம் ஆகாது. அதைத் தனியாகக் குறியுங்கள்.

மற்ற நாட்களில் இரவு முழுக்க நீரில் கிடந்த வலையைக் கடைசி நாளில் நாலு மணி நேரத்தில் தூக்கிவிட்டு இரண்டையும் ஒப்பிடக்கூடாது. மீன் பிரிக்க நேரமாகும் என்று சிறு கண்ணி வலையைத் தவிர்ப்பதும் வேண்டாம். மீனின் செவுள் கண்ணியில் மாட்டிக்கொள்ளும் செவுள் வலையில் கண்ணி அளவுக்கேற்ற மீன்தான் சிக்கும். பெரிய கண்ணி மட்டும் விட்டால் குஞ்சே இல்லாத ஏரி போலத் தெரியும்.

மாதிரி மீன்களை, கெடாமல் வைக்கும் திரவமான ஃபார்மலினில் போடும் முன்பே எடை, நீளம் பார்த்துவிடுங்கள். ஊறிய பிறகு இரண்டும் மாறும். வயது பார்க்க உதவும், மீனின் உள்காதில் இருக்கும் காதுக்கல்லையும் முன்பே எடுத்துவிட வேண்டும், ஃபார்மலினின் அமிலம் அதைக் கரைக்கும். மரபணுச் சோதனைக்கான துடுப்புத் துண்டு ஆல்கஹாலில்தான் போக வேண்டும். பேனா மை அதில் கரைந்துவிடும் என்பதால் சீட்டைப் பென்சிலில் எழுதி பாட்டிலுக்குள்ளேயே போடுங்கள்.

இன்னொன்று, பெயர். நோட்டில் வெறும் 'கெண்டை' என்று இருந்தால் அது ஜிலேபி கெண்டையா, சேல் கெண்டையா என்று ஊர் திரும்பிய பிறகு யாரைக் கேட்பது? பெரியவர் கரையில் இருக்கும்போதே மீனைக் காட்டிக் கேளுங்கள், படமும் எடுங்கள். மதகருகே நீர்மட்டத்தைக் குறித்து, நோட்டின் எல்லாப் பக்கங்களையும் போனில் படம் பிடித்த பிறகு பஸ்ஸுக்குக் கிளம்பலாம்.