நுரையீரலில் இரத்தக்கட்டி வந்த பிறகு வயிற்று விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்து, பிழைத்து வீடு வந்தவருக்கு நெஞ்சுப் பக்கம் எது நடந்தாலும் பயம்தான். சாப்பிட்டதும் வயிறு ஊதி மேலே முட்டினால், 'திரும்பவும் வந்துவிட்டதோ' என்று கை தானாக நாடியைத் தேடும். எனக்கும் அப்படித்தான்.

வயிறு எரிகிறதென்று, இரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரையைத் தானாக நிறுத்துவதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. குறைந்தது 3 மாதம் போடவேண்டிய மருந்து அது. இடையில் விட்டால் கட்டி மறுபடி வரலாம். இந்த வகை மருந்துகளில் ரிவரொக்சபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. தோட்டத்தில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்கு ஓடும் அவசரத்தில் வெறும் சாயத் தேத்தண்ணியோடு விழுங்குகிறவர்கள், ரொட்டி சாப்பிடும் நேரத்துக்கு அதை மாற்றலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். டாபிகாட்ரான் என்றால் மாத்திரையே வயிற்றைப் புரட்டும். வேறு மாத்திரை தரமுடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். வார்ஃபரின் போடுகிறவர்கள் கீரையை அடியோடு விடத் தேவையில்லை, வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டால் சரி.

தேயிலைக் கொழுந்துக்கூடை சுமந்த முதுகுவலிக்குக் கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வாங்கிப் போடாதீர்கள். இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோடு அவை சேர்ந்தால் வயிற்றுக்குள் இரத்தம் கசியலாம். மலம் தார்போல் கறுத்தால் அன்றே ஆஸ்பத்திரி. இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும்தான், ஆனால் அதை டாக்டர் சொல்லட்டும்.

அப்புறம், விரலில் மாட்டி இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் அந்த விரல் மீட்டர். நுவரெலியா சுமார் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பில் பார்த்ததைவிட இங்கே ஓரிரு புள்ளி குறையலாம். குளிரில் விறைத்த விரலில் கணக்கே தப்பும். இது தெரியாமல் ஒரே இரவில் ஏழெட்டுத் தடவை மாட்டிப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க மூச்சு வேகமானது. அப்படி மூச்சு வாங்கும்போது காற்றையும் விழுங்குகிறோம். ஏப்பம், வயிறு ஊதல், அதனால் இன்னும் பயம். கையைச் சூடாக்கி, டாக்டர் சொன்ன நேரத்தில் மட்டும் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் தூக்கம் வந்தது. பயத்தையும் கிளினிக்கில் சொல்லுங்கள், அதற்கும் மருத்துவம் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: எல்லாமே கேஸ் என்று இஞ்சித் தண்ணி குடித்துவிட்டுப் படுப்பது. திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் குத்தும் வலி, சளியில் இரத்தம், மயக்கம் என்றால் விடியட்டும் என்று பார்க்காதீர்கள். தோட்டத்து ரோட்டில் வண்டி ஏறி வரவே நேரம் பிடிக்கும். உடனே 1990 ஆம்புலன்ஸ் நம்பருக்கு அழைத்து, கிளினிக் கொப்பியையும் மாத்திரைகளையும் கையில் எடுத்து வையுங்கள்.