பெண்ணை நேசித்த பெண்களின் நாட்குறிப்புகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தப் பழைய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் படியெடுக்கத் தொடங்கும்போது பக்க எண்ணைக் குறிக்க மறப்பது, தேதியை மாற்றி எழுதுவது எல்லாம் முதல் மாதத்திலேயே தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுவோம். பழகிய கைகளும் விடாமல் செய்கிற தவறுகள் வேறு. அவற்றில் முதலாவது இன்றும் எரிச்சல் மூட்டுகிறது.

சங்கேதப் பகுதியை மட்டும் கத்தரித்து எடுப்பது

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் அருகே ஷிப்டன் ஹாலில் வாழ்ந்த நிலவுடைமையாளர் ஆன் லிஸ்டர் (1791–1840). அவருடைய நாட்குறிப்பு சுமார் 50 லட்சம் சொற்கள். அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சங்கேத எழுத்து. கிரேக்க எழுத்துகள், கணிதக் குறிகள், எண்கள் எல்லாம் கலந்தது: 2 என்றால் ஆங்கில a, 3 என்றால் e, 5 என்றால் o. சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது.

புதிதாக வருகிறவர்கள் நேரே அங்கேதான் பாய்கிறார்கள். ஒளித்து எழுதியதில்தான் காதல் இருக்கும், மற்றது வெறும் நிலக்கரி வியாபாரமும் வானிலையும் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கே தப்பு. சங்கேதத்தில் படுக்கையறை உண்டு. பணமுடையும், உடுப்பைப் பற்றிய கூச்சமும், உடல் உபாதையும் உண்டு. சாதாரண எழுத்தில் தொடங்கும் வாக்கியம் நடுவில் சங்கேதத்துக்குள் போய்த் திரும்பி வரும். சங்கேதத் துண்டை மட்டும் உருவினால் எழுவாய் ஒரு பக்கம், பயனிலை ஒரு பக்கம் என்று ஆகிவிடும்.

இதில் அதிகம் அடிபடுவது லிஸ்டரின் துணைவி ஆன் வாக்கர். 1834 ஈஸ்டர் அன்று யார்க் நகரத் தேவாலயத்தில் இருவரும் சேர்ந்து நற்கருணை பெற்றார்கள். அதையே தங்கள் திருமணமாகக் கொண்டார்கள். சங்கேத வரிகளை மட்டும் படித்தால் வாக்கர் எப்போதும் அழுகிற, உடம்புக்கு முடியாத, லிஸ்டரைச் சலிக்க வைக்கிற பெண். சாதாரண எழுத்தில் அவர் குத்தகைதாரர்களுடன் பேசுகிறார், படம் வரைகிறார், லிஸ்டரின் திட்டங்களுக்குப் பணம் தருகிறார். ஒருவருக்கொருவர் ஆயுள் உரிமை எழுதிவைத்த உயில்களின் பேச்சும் அங்கேதான். இல்லறம் என்று சொல்ல இதைவிட என்ன சான்று வேண்டும்? வாக்கரின் சொந்த நாட்குறிப்பு (1834–35) 2020-இல் அடையாளம் காணப்பட்டது. அதைப் பக்கத்தில் வைக்காமல் அவர் குணத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

இத்தனைக்கும் முன்பு நடந்தது இதன் தலைகீழ். ஷிப்டனின் பின்னாளைய வாரிசு ஜான் லிஸ்டர் 1880-களில் உள்ளூர்ப் பத்திரிகையில் சாதாரண எழுத்துப் பகுதிகளைத்தான் வெளியிட்டார். பிறகு அவரும் நண்பர் ஆர்தர் பரலும் சங்கேதத்தை உடைத்தார்கள். எரித்துவிடச் சொன்னார் பரல், ஜான் எரிக்கவில்லை. ஹெலனா விட்பிரெட் 1988-இல் கொண்டுவந்த தொகுப்பில்தான் மறைத்த பகுதிகள் பரவலாக அச்சேறின. தொகுப்பு என்பது தொகுப்பாசிரியரின் தேர்வு. அதை நாட்குறிப்பு என்று மேற்கோள் காட்டுவதும் இதே தவறின் தம்பி.

செய்ய வேண்டியது இதுதான். எடுத்துக்கொண்ட நாளின் பதிவு முழுவதையும், முந்தைய நாள், அடுத்த நாள் பதிவுகளையும் படியெடுங்கள். சங்கேதத்துக்கு மூன்று வரி: முதலில் குறிகள் அப்படியே, அடியில் எழுத்துகள், அதன் அடியில் சொற்களாகப் பிரித்தது. பிரிப்பில் சந்தேகம் வந்தால் கேள்விக்குறி போடுங்கள். இரண்டாவது வரி இல்லாமல் மூன்றாவதற்குத் தாவியவர்கள் தாங்கள் எதிர்பார்த்த சொல்லைத்தான் கண்டுபிடிப்பார்கள்.

ஒருவரின் அகராதியை இன்னொருவருக்குப் பொருத்துவது

லிஸ்டர் "முத்தம்" என்று எழுதினால் பெரும்பாலும் உடலுறவு. வேறொரு பெண்ணின் கடிதத்தில் முத்தம் வெறும் முத்தமே. ஒரே கட்டிலில் படுத்தார்கள் என்பதும் அக்காலத்தில் தனியாக எதையும் நிரூபிக்காது. ஆளுக்கொரு சொற்பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதமில்லாத மாதங்களைப் பிரிவு என்று எண்ணுவது

சேர்ந்து இருந்திருப்பார்கள். எலினோர் பட்லரும் சாரா பொன்சன்பியும் 1780 முதல் வேல்ஸின் லாங்கோலனில் ஒரே வீட்டில் சுமார் அரை நூற்றாண்டு வாழ்ந்தார்கள். அவர்களைத் தேட வேண்டிய இடம் நாட்குறிப்பும் வீட்டுக் கணக்கும்.

எஞ்சியதே முழுமை என்பது

அமெரிக்க அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட்டும் பத்திரிகையாளர் லொரீனா ஹிக்காக்கும் எழுதிக்கொண்ட 3,000-க்கும் மேற்பட்ட கடிதங்கள் 1978-இல் திறக்கப்பட்டன. அதற்கு முன்பே ஹிக்காக் சிலவற்றை அழித்திருந்தார். அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் அண்ணனுக்கு எழுதிய கடிதங்களில் அண்ணி சூசனைப் பற்றிய இடங்கள் சுரண்டப்பட்டிருக்கின்றன. கருப்பு-வெள்ளை ஸ்கேனில் சுரண்டல் வெறும் அழுக்காகத் தெரியும். மூலத்தைக் கேட்டுப் பாருங்கள், விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து.

"லெஸ்பியன்" என்ற சொல்

உங்கள் முன்னுரையில் தாராளமாக. மூலத்தில் இல்லாத சொல் என்பதால் படியெடுப்பில் கூடாது.

முகவரிப் பக்கத்தைப் படம் எடுக்காமல் விடுவது

1840-க்கு முன் பிரிட்டனில் தபால் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. உறையும் ஒரு தாள் என்பதால் கடிதத்தையே மடித்து வெளியே முகவரி எழுதினார்கள். அஞ்சல் முத்திரை அங்கேதான் இருக்கும். தேதியில்லாத கடிதத்துக்கு அதுதான் தேதி. இடத்தை மிச்சம் பிடிக்க எழுதிய தாளையே திருப்பிக் குறுக்காகவும் எழுதினார்கள். அப்படிப்பட்ட பக்கத்தை இரண்டு தடவை படியெடுங்கள், ஒவ்வொரு தடவையும் ஒரே திசையில்.