மலைக்குக் குடிவருவோருக்கு: மலச்சிக்கலும் மருந்துக்கடையும்

கோத்தகிரி, குன்னூர், உதகைப் பக்கம் புதிதாகக் குடிவருவோர், வெளி மாவட்டப் பதிவெண் கொண்ட வண்டிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். எரிவாயு இணைப்பையும் குடும்ப அட்டை முகவரியையும் மாற்றிக்கொள்ள வேண்டும். இவற்றை வீட்டு உரிமையாளரே சொல்லித் தந்துவிடுவார். யாரும் வாய்விட்டுச் சொல்லாதது மலச்சிக்கல்.

தஞ்சாவூர் வெயிலில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தவர்களுக்கு, 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையின் குளிரில் தாகமே தெரிவதில்லை. தேநீரோடு நிறுத்திக்கொள்கிறோம், விடியற்கால நடையையும் விட்டுவிடுகிறோம். பிறகு ஊர்ப் பழக்கப்படி, யாரையும் கேட்காமல் மளிகைக் கடையில் மலமிளக்கும் உமியான இசப்கோல் வாங்குகிறோம்.

என் நண்பரின் மாமியார் அதைத்தான் செய்தார். இரவில் எழுந்திருக்க நேருமே என்று அஞ்சி, அரை டம்ளர் வெந்நீரில் கஞ்சிபோல் கெட்டியாகக் கரைத்து விழுங்கிவிட்டு, மேலே ஒரு வாய்த் தண்ணீரும் குடிக்காமல் படுத்துவிடுவார். இசப்கோல் நீரை உறிஞ்சி உப்பும் பொருள். ஒரு முழு டம்ளர் தண்ணீரில் உடனே குடித்து, பகல் முழுவதும் தாராளமாகத் தண்ணீர் அருந்தினால்தான் அது மலத்தை இளக்கும், இல்லையேல் குடலிலேயே அடைத்துக்கொள்ளும். படுக்கப்போகும் நேரத்தில் அதை உட்கொள்வதும் தவறு. வயிறு உப்பி, காற்றும் பிரியாமல், நள்ளிரவில் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்று எனிமா கொடுக்க வேண்டியதாயிற்று. இடையில் ஒரு மருந்துக்கடையில் வேலைப் பையன் எதையும் விசாரிக்காமல் பேதி மாத்திரையை எடுத்து நீட்டியதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தைப் பதிவுபெற்ற மருந்தாளுநர்தான் கொடுக்க வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம் வகுத்த விதி.

பிறகு வேறொரு கடையில் மருந்தாளுநரே விசாரித்தார். எத்தனை நாளாக, மலத்தில் இரத்தம் உண்டா, உடல் மெலிந்ததா, வேறென்ன மாத்திரைகள் என்று கேட்டதும் குட்டு வெளிப்பட்டது: அம்மையார் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் உட்கொண்டு வந்தார். இரண்டுமே மலத்தை இறுக்கக்கூடியவை. அலுமினியம் கலந்த அமில நீக்கிகள், கோடீன் சேர்ந்த இருமல் மருந்து, சில இரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவையும் அப்படியே. அவற்றைத் தாமாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே அளவை மாற்றக் கேளுங்கள் என்றார். லாக்டுலோஸ் என்னும் மலமிளக்கி மருந்து வேலை செய்ய இரண்டு மூன்று நாள் பிடிக்கும் என்பதால் மறுநாளே அளவைக் கூட்டக் கூடாது என்றும், பிசகோடில் என்னும் பேதி மாத்திரையைப் பாலோடு விழுங்கக் கூடாது என்றும், இசப்கோலுக்கும் மற்ற மருந்துகளுக்கும் இடையே இரண்டு மணி நேரம் விட வேண்டும் என்றும் விளக்கினார். 1980-இல் தொடங்கிய ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரி இருக்கும் உதகையிலேயே, இத்தகைய படிப்பாளிகளை நாம் அட்டையிலிருந்து மாத்திரை கத்தரித்துத் தருபவர்களாக மட்டும் நடத்துகிறோம்.

உணவைப் பொறுத்தவரை, ஊர் வாழைத்தண்டுக்கு ஏங்க வேண்டியதில்லை. பீன்ஸும் படுகர் வீட்டு அவரைக் குழம்பும் போதும். வெந்நீர்க் குடுவை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மருந்துக்கடைக்குப் போகும்போது, வீட்டில் உட்கொள்ளும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு, மருந்தாளுநர் இருக்கும் நேரம் கேட்டுச் செல்லுங்கள். இரத்தம், வாந்தி, காற்றுப் பிரியாத வயிற்று உப்பல், ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய சிக்கல் ஆகியவை இருந்தால் கடையில் நேரம் போக்காமல் நேரே மருத்துவரிடம் செல்லுங்கள்.